இடுப்பு வலிக்குக் காரணம் தேடும் சோதனைகள்: எதை, எப்போது, எதற்காகச் செய்துகொள்வது

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவரின் அறைக்குள் நுழைகிறவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். வலி உயிரை வாங்கும்போது அப்படிக் கேட்பது இயல்புதான். கை முறிந்தால் எக்ஸ்-ரேயில் முறிவு தெரிகிறது, பித்தப்பையில் கல் இருந்தால் ஸ்கேனில் கல் தெரிகிறது. அதுபோல முதுகுக்குள்ளும் வலி ஏதோ ஓரிடத்தில் ஒளிந்திருக்கும், படம் எடுத்தால் பிடிபட்டுவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கீழ்முதுகு வலியோடு வருகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த ஜவ்வு, இந்தத் தசை என்று ஒன்றைச் சுட்டிச் சொல்லக்கூடிய சோதனை இன்றுவரை இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு வலி ஆறு வாரங்களுக்குள் தானாகவே தணிந்தும் விடுகிறது. மீதமுள்ள ஒருவருக்குத்தான் சோதனைகள் உண்மையில் தேவை. அவருக்கு அவை தாமதமானால் கால்கள் செயலிழப்பது வரை போகக்கூடும் என்பதால், அந்த ஒருவரை மற்ற ஒன்பது பேரிடமிருந்து பிரித்து அறிவதுதான் இங்கே முழு வேலையும்.

நரம்பு நசுங்குகிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா, கிருமி புகுந்திருக்கிறதா, புற்று பரவியிருக்கிறதா, மூட்டு அழற்சியா, வலி முதுகிலிருந்துதான் வருகிறதா அல்லது சிறுநீரகம் போன்ற வேறு உறுப்பிலிருந்து வருகிறதா என்று கேள்விகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் விடை சொல்லும். எந்தக் கேள்வி என்று முடிவாகாமல் செய்துகொள்ளும் சோதனை பணத்தைக் கரைப்பதோடு, இல்லாத நோயொன்றைத் தலையில் ஏற்றிவிட்டும் போகும்.

வலியை எழுதிக்கொண்டு செல்லுங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்னர் ஒரு தாளை எடுத்து, வலி எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது தொடங்கியது என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். தமிழில் இடுப்பு என்ற சொல் மிக விரிந்தது. கீழ்முதுகையும், தொடை எலும்பு சேரும் மூட்டையும், விலாவுக்குக் கீழுள்ள பக்கவாட்டையும் நாம் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம். மூன்றுக்கும் காரணங்கள் வேறு, சோதனைகளும் வேறு. ஆகவே சொல்லை நம்பாமல், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தைக் குறித்துவையுங்கள். வாயுப் பிடிப்பு, நரம்பு இழுக்கிறது என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவதைவிட, இருமினால் வலி கூடுகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா நடந்தால் கூடுகிறதா, காலுக்கு இறங்குகிறதா, இறங்கினால் முழங்காலுக்கு மேலே நிற்கிறதா பாதம் வரை போகிறதா, எந்த விரல் மரத்துப்போகிறது என்பவற்றை எழுதுவது பயன் தரும்.

காலையில் எழுந்ததும் முதுகு விறைத்திருந்தால், அது தளர எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு மூன்று நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுத்தால் குறைகிறதா, ஓய்வெடுத்தால்தான் கூடுகிறதா என்பதும், நள்ளிரவுக்குப் பின் வலியால் விழிப்பு வருகிறதா என்பதும் முக்கியமானவை. மாலைக் காய்ச்சல், பசியின்மை, தளர்ந்துபோன உடைகள், முன்பு சிகிச்சை பெற்ற புற்றுநோய், உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்த காசநோய், சர்க்கரை நோய் ஆகியவற்றை முதுகோடு தொடர்பில்லாதவை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு முதுகெலும்பு சிறு அதிர்விலேயே நொறுங்கக்கூடும்; பெயர் எழுதாத பொட்டலங்களில் விற்கப்படும் வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு என்பதால், அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கையால் செய்யும் சோதனை

இயந்திரச் சோதனைகளுக்கெல்லாம் முந்தியதும், பெரும்பாலும் அவற்றைத் தேவையற்றதாக்கிவிடுவதும் இதுதான். முதுகை மூடியிருக்கும் உடையை விலக்கிப் பார்த்தாலே அக்கியின் கொப்புளங்களோ, முதுகெலும்பில் புதிதாகத் துருத்தும் கூனோ தெரியவரும். பிறகு மருத்துவர் முதுகெலும்பின் மேல் ஒவ்வொரு முள்ளாகத் தட்டிப் பார்ப்பார். பொதுவான தசைப்பிடிப்பில் இருபுறத் தசையும் வலிக்கும், எலும்பே நோயுற்றிருந்தால் குறிப்பிட்ட ஒரு முள்ளில் தட்டும்போது வலி கூர்மையாக இருக்கும்.

மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது அடுத்தது. 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையே தூக்கும்போது வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால், இடுப்பு நரம்பு வேர் ஒன்று அழுத்தப்படுவதாகச் சந்தேகிக்கலாம். தொடையின் பின்புறம் இழுப்பது மட்டும் தசை இறுக்கமாக இருக்கலாம், அதை இதில் சேர்க்கக் கூடாது. இந்தச் சோதனை சற்றுத் தாராளமானது, நரம்பு அழுத்தம் இல்லாத பலரிடமும் நேர்மறையாகக் காட்டும். வலியில்லாத காலைத் தூக்கும்போது மறுகாலில் வலி வந்தால் அது அரிதாகவே காணப்படும் அடையாளம், ஆனால் வந்துவிட்டால் நரம்பு வேர் அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

அதன்பின் குதிகாலால் நடக்கச் சொல்வதும், முன்பாதத்தை ஊன்றி நடக்கச் சொல்வதும், கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கவைத்து அதை அமுக்கிப் பார்ப்பதும், முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டுவதும், எந்த நரம்பு வேர் என்பதைக் கண்டறியும் வழிகள். கட்டைவிரலைத் தூக்க வலுவில்லாமல் மேல்பாதம் மரத்திருந்தால் ஐந்தாவது இடுப்பு நரம்பு. முன்பாதத்தை ஊன்ற முடியாமல், குதிகால் அனிச்சைச் செயல் குறைந்து, பாதத்தின் வெளி ஓரம் மரத்திருந்தால் முதலாவது திரிக நரம்பு (திரிகம் என்பது இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே உள்ள எலும்பு). சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனை செய்யப்படாமல் நேரடியாக ஸ்கேன் சீட்டு எழுதப்பட்டால், "ஒருமுறை படுக்கவைத்துப் பார்த்துவிடுங்கள், டாக்டர்" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. அப்படிக் கேட்க நாம் தயங்குவதால் எத்தனையோ வீண் ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெண்கள் தளர்வான உடையில் செல்வதும், துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்வதும் இந்தப் பரிசோதனையை எளிதாக்கும்.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத நிலை

சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் வெளியேறவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலத்தை அடக்க முடியவில்லை. கழுவும்போது பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் தொடுவது தெரியவில்லை. இரண்டு கால்களிலும் வலு குறைந்துகொண்டே வருகிறது: முதுகு வலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், எம்.ஆர்.ஐ. வசதியும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தண்டுவடம் முடிந்தபின் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அறிகுறிகள் இவை. நசுக்கத்தை விரைவில் நீக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். அங்கே முதலில் செய்யப்படுவது, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பது. கழித்த பின்னும் 200 மில்லி லிட்டருக்கு மேல் தங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். அளவு குறைவாக இருந்தாலும் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. கூச்சத்தால் இந்த மரத்துப்போதலை வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டிலுள்ளவர்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எக்ஸ்-ரே

எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும். ஜவ்வு, நரம்பு, தண்டுவடம் எதுவும் தெரியாது. விழுந்து அடிபட்ட பிறகு, எலும்பு மெலிந்த முதியவருக்குத் திடீரென வலி வந்த பிறகு, ஒரு முள்ளெலும்பு மற்றதன் மேல் முன்னோக்கி நழுவியிருக்கிறது என்ற ஐயம் எழும்போது எக்ஸ்-ரே பயனுள்ளது. நழுவலைச் சந்தேகித்தால் குனிந்தும் நிமிர்ந்தும் நின்று எடுக்கும் படங்கள் வேண்டும். படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் அது மறைந்துபோகலாம். வேகப்பந்து வீசும் இளைஞர்களுக்கு வரும் முதுகெலும்பு அயர்வு முறிவு (ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் எலும்பில் விழும் நுண்முறிவு), தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாமலேயே போவதால், பந்துவீச்சின்போது மட்டும் ஒரு பக்கம் வலிக்கும் பிள்ளைக்கு "எக்ஸ்-ரே நார்மல்" என்ற சொல்லோடு திருப்தியடைய வேண்டாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இடுப்பு எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு மார்பு எக்ஸ்-ரேயைவிடப் பல மடங்கு அதிகம், அதோடு அது இனப்பெருக்க உறுப்புகளுக்கு அருகிலும் விழுகிறது. கருவுற்றிருக்கும் வாய்ப்புள்ள பெண்கள் படம் எடுப்பவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும், அது வலிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனையும் நம் ஊரின் காசநோயும்

சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. காய்ச்சல், எடை குறைவு, இரவு வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கிய வலி போன்றவை இருந்தால் முழு இரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய மூன்றும் முதல்படி. இவை எந்த நோய் என்று சொல்லமாட்டா. உடலுக்குள் ஏதோ எரிகிறது என்று மட்டும் சொல்லும். ஈ.எஸ்.ஆர். வயது, இரத்தசோகை, கர்ப்பம் ஆகியவற்றாலும் உயரும் என்பதால் அதைத் தனியாக வைத்து முடிவெடுக்கலாகாது.

இங்கே காசநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மேலை நாட்டு வழிகாட்டிகளில் அது ஒரு வரியோடு முடிந்துபோகிறது, நம்மிடமோ உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் இருக்கிறார்கள். எலும்பில் வரும் காசநோயில் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-இல் இதை விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் பாட்ஸ் நோய் என்கிறார்கள். என் பெரியம்மா ஒருவர் நடு முதுகில் வலி என்று ஐந்தாறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாலையானால் லேசாக உடம்பு சுடும், ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. எக்ஸ்-ரேயில் வயதுக்குரிய தேய்மானம் என்று எழுதியிருந்தது, அதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். கால் தடுமாறத் தொடங்கிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் இடையிலிருந்த ஜவ்வும் அரிக்கப்பட்டு, பக்கத்தில் சீழ் தேங்கியிருப்பது தெரிந்தது. எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பின்னரே எக்ஸ்-ரே அந்த அரிப்பைக் காட்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மருந்துகளாலேயே குணமாகி அவர் மீண்டும் நடந்தார். ஆனால் அந்த மாதங்களை நினைக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

முதுகெலும்புக் காசநோய் என்று எம்.ஆர்.ஐ.யில் ஐயம் எழுந்தால், இயன்றவரை சி.டி. ஸ்கேனின் துணையோடு ஊசி செலுத்தித் திசுவோ சீழோ எடுத்துச் சோதிப்பது நல்லது. வேறு கிருமிகளும் புற்றும் சில சமயம் இதேபோலத் தோற்றமளிக்கும். எடுத்த அந்தச் சோதனை மாதிரி மூன்று வழிகளில் போக வேண்டும்: நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க, கிருமியை வளர்த்துப் பார்க்க, கிருமியின் மரபணுவைக் கண்டறிய. மரபணுச் சோதனை, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி பணியுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மாதிரி முழுவதையும் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போய் வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லாமல் போகும். ஆகவே ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல், உப்புநீரில் தனிக் குப்பியில் அனுப்புகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மார்பு எக்ஸ்-ரே தெளிவாக இருப்பதால் முதுகில் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை கிருமி எப்போதோ உடலில் நுழைந்ததைக் காட்டுமே அன்றி, இப்போதைய நோயை உறுதிசெய்யாது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் சோதனைகளை இந்திய அரசு 2012-இலேயே தடை செய்துவிட்டது. நோய் உறுதியானால் மருந்துகள் அரசு மையங்களில் இலவசம்.

இரத்தச் சோதனையால் பிடிபடக்கூடிய இன்னொன்று, இளைஞர்களைத் தாக்கும் முதுகெலும்பு மூட்டழற்சி. 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட காலை விறைப்பு, படுத்தால் கூடி நடந்தால் குறையும் தன்மை, இரவின் பின்பாதியில் விழிப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுக் குறியீட்டைச் சோதிக்கலாம். அது இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது, இல்லாதவர்களுக்கும் நோய் வரலாம். எனவே உறுதிசெய்ய, இடுப்புக் கூட்டின் பின்புறமுள்ள திரிக மூட்டுகளை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும். வழக்கமான இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் அந்த மூட்டுகள் முழுமையாக வருவதில்லை என்பதால் சீட்டில் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். "ஜவ்வு விலகியிருக்கிறது" என்று சொல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் அலையும் இளைஞர்கள் பலர் உண்மையில் இந்த நோயைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

அறுபதை நெருங்குபவருக்கு முதுகு வலியோடு இரத்தசோகை, உயர்ந்த ஈ.எஸ்.ஆர்., கூடிய கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), கூடிய கால்சியம் காணப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் புற்றான மையலோமாவைத் தேட வேண்டும்; அதற்கு இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் புரத எலெக்ட்ரோபோரெசிஸ் என்ற சோதனையும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும் உண்டு. இந்த ஐயம் தீரும்வரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது பெருந்தீங்கு. மற்றபடி சோதனைக் கூடங்கள் முதுகு வலிக்கென்று கட்டிக் கொடுக்கும் தொகுப்புகளில் உள்ள யூரிக் அமிலம், ரூமட்டாய்டு ஃபேக்டர், புற்றுக் குறியீடுகள் ஆகியவற்றால் கீழ்முதுகு வலியின் காரணம் தெரியவருவது அரிது. வைட்டமின் டி குறைவு நம் மக்களிடம் மிகப் பரவலாக இருப்பதால், அது குறைந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது

காந்தப் புலத்தையும் வானொலி அலையையும் கொண்டு எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஜவ்வு, நரம்பு, தண்டுவடம், மஜ்ஜை, சீழ் ஆகிய எல்லாவற்றையும் அது காட்டும். அவசர அறிகுறிகள் இருந்தாலோ, கிருமியோ புற்றோ இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ உடனே எடுக்க வேண்டும். காலுக்கு இறங்கும் நரம்பு வலி ஆறு வாரச் சிகிச்சைக்குப் பின்னும் குறையாமல், ஊசியோ அறுவையோ யோசிக்கப்படும் கட்டத்தில் எடுக்கலாம். வலு குறைந்துகொண்டே வந்தால் அந்த ஆறு வாரம் பொருந்தாது. எந்தச் சிகிச்சையையும் மாற்றப்போவதில்லை என்றால் எடுக்காமல் இருப்பதே மேல்.

சீட்டில் "எம்.ஆர்.ஐ. முதுகு" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பகுதி, எந்தச் சந்தேகம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தைப் படிக்கும் கதிரியல் மருத்துவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. அந்தச் சீட்டின் வழியாகத்தான் உங்களை அறிகிறார். காசநோய் ஐயமிருந்தால் முதுகெலும்பு முழுவதையும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இடைவெளி விட்டு வேறு இடங்களிலும் வரக்கூடும். கால்கள் விறைத்து, அனிச்சைச் செயல்கள் கூடியிருந்தால் கோளாறு இடுப்புக்கு மேலே, மார்பிலோ கழுத்திலோ இருக்கிறது. அப்போது இடுப்பை மட்டும் படமெடுத்து நார்மல் என்று திரும்புவது ஆபத்தான பிழை.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி இருப்பவர்கள் அவற்றுக்கான அட்டையோடு சென்று முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சில புதிய பேஸ்மேக்கர்கள் உரிய ஏற்பாட்டோடு எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துப்போகின்றன. லேத்திலும் வெல்டிங்கிலும் வேலை செய்து கண்ணில் இரும்புத் தூள் பட்ட அனுபவம் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தத்தில் அந்தத் தூள் நகர்ந்தால் பார்வையே போகலாம். எலும்பு முறிவுக்கு வைத்த டைட்டானியத் தகடுகள் பெரும்பாலும் தடையில்லை. கம்மல், மூக்குத்தி, மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண், தாயத்து, முடி ஊசி ஆகிய எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்வது நல்லது. தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்குகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துகொண்டு, உலோகத் துண்டுகளை எடுத்துவைத்துவிடலாம்.

ஒரு பகுதிக்கு இருபது முதல் நாற்பது நிமிடம் வரை, குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தட்டுவதும் அலறுவதுமாகச் சத்தம் பலமாக இருக்கும். காதடைப்பான் தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மல்லாந்து படுக்கவே முடியாத வலி என்றால் மருத்துவர் சொல்படி வலி மாத்திரையை முன்னதாக எடுத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லலாம். அடைத்த இடம் என்றால் அஞ்சுபவர்கள் உள்ளே போகும் முன்பே கண்களை மூடிக்கொண்டு, வெளியே வரும்வரை திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கையில் ஓர் அழைப்பு உருண்டை தரப்படும், அழுத்தினால் நிறுத்திவிடுவார்கள். வழக்கமான படத்துக்கு மருந்து ஏற்றத் தேவையில்லை. முன்பு அறுவை செய்த முதுகிலோ, கிருமி அல்லது கட்டி ஐயத்திலோ கடோலினியம் என்ற மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறும் கர்ப்பமும் இருந்தால் அதை முன்பே தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியைவிடக் குறைவு.

ரிப்போர்ட்டைப் படிப்பது

உறையைப் பிரித்ததும் கண்ணில் படும் சொற்கள் எவரையும் கலங்கவைக்கும்: டிஸ்க் டெசிகேஷன் (ஜவ்வில் நீர் வற்றுவது), டிஃப்யூஸ் பல்ஜ் (ஜவ்வு பரவலாகப் புடைத்திருப்பது), ஆனுலர் டியர் (ஜவ்வின் வெளிவளையத்தில் கீறல்), ஃபெசட் ஆர்த்ரோபதி (முள்ளெலும்புகளின் பின்புறச் சிறு மூட்டுகளின் தேய்மானம்). 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களை எடுத்துக்கொண்டது. வலியில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஜவ்வு புடைத்திருப்பது இருபது வயதில் 30 விழுக்காடு, எண்பதில் 84 விழுக்காடு. நரைமுடியைப் போல இவை வயதோடு வருபவை. ஹெமாஞ்சியோமா என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற இரத்தக்குழாய் முடிச்சு, புற்று அன்று.

ஆகவே ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது, எழுதப்பட்ட மட்டமும் பக்கமும் உங்கள் வலியோடு பொருந்துகிறதா என்பதைத்தான். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே இடப்பக்கம் ஜவ்வு பிதுங்கியிருந்தால் பொதுவாக இடப்பக்க ஐந்தாவது நரம்பு வேர் நசுங்கும். இடக் காலின் மேல்பாதம் மரத்து, கட்டைவிரல் வலுக்குறைந்திருந்தால் படமும் உடலும் ஒரே கதையைச் சொல்கின்றன. வலி வலக் காலிலோ, முதுகோடு மட்டுமோ நின்றுவிட்டால் அந்தப் பிதுக்கம் வேடிக்கை பார்க்கும் ஒன்று மட்டுமே. மருத்துவரிடம், "என் வலிக்கு இதுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பொருந்தும் பிதுக்கமே ஆனாலும், பிதுங்கிய பகுதியை உடல் சில மாதங்களில் தானாகவே கரைத்துச் சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது என்பதால், வலு குறையாதவரை அறுவைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

மற்ற சோதனைகள்

சி.டி. ஸ்கேன் எலும்பை எம்.ஆர்.ஐ.யைவிடத் தெளிவாகக் காட்டும். விபத்து முறிவுகளுக்கும், எம்.ஆர்.ஐ. செய்ய இயலாதவர்களுக்கும் உரியது. கதிர்வீச்சு எக்ஸ்-ரேயைவிட அதிகம்.

நரம்புக் கடத்தல் சோதனையும் தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யும், கால் மரத்துப்போவது முதுகு நரம்பு வேராலா, சர்க்கரை நோயாலா, முழங்காலுக்குப் பக்கத்தில் நரம்பு அழுந்துவதாலா என்று குழப்பம் வரும்போது உதவும். வலி தொடங்கிய சில நாட்களிலேயே செய்தால் தசையில் மாற்றம் தெரியாது. இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அன்று எண்ணெய், களிம்பு தடவாமல் செல்லுங்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லுங்கள். சிறிய மின்னதிர்வும் ஊசிக்குத்தும் இருக்கும், தாங்கக்கூடியவையே.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனை உண்டு. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய். மெலிவு தானாக வலிப்பதில்லை, அதனால் ஏற்படும் முறிவுதான் வலிக்கும். புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் போன் ஸ்கேன் உதவும், ஆனால் மையலோமாவை அது பெரும்பாலும் தவறவிடும். குறிப்பிட்ட சிறு மூட்டுக்கு மரப்பு மருந்து செலுத்தி, வலி போகிறதா என்று பார்க்கும் சோதனையும் தேர்ந்தவர் கையில் பயன் தருவதே. ஜவ்வுக்குள்ளேயே மருந்தேற்றி வலியைத் தூண்டிப் பார்க்கும் டிஸ்கோகிராமை, ஊசி குத்திய ஜவ்வு விரைவாகத் தேய்வதாக 2009-இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, நான் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரு பக்க விலாவின் கீழே அலைபோல வந்து போகும் வலிக்குச் சிறுநீர்ச் சோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் போதும்; சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். நடந்தால் கால் வலித்து, நின்றாலே குறைந்தால் இரத்தக்குழாய் அடைப்பு; நின்றாலும் குறையாமல், முன்னே குனிந்தால் அல்லது உட்கார்ந்தால் குறைந்தால் தண்டுவடக் குழாய்ச் சுருக்கம். இரண்டையும் பிரிக்கக் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. முதுமையில் புகைப்பழக்கமோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவருக்குத் திடீரென முதுகும் வயிறும் சேர்ந்து கிழிப்பதுபோல் வலித்து மயக்கம் வந்தால், வயிற்றின் பெருந்தமனி வெடிக்கும் நிலையாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சோதனைகளெல்லாம் முடிந்தபின் ரிப்போர்ட்டோடு படத்தையும், படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அவர் மீண்டும் படம் எடுக்கச் சொல்லும் முன்பு, வலியின் தன்மை மாறியிருக்கிறதா என்று கேட்பார்; மாறவில்லை என்றால் சில மாதங்களுக்கு முந்தைய அந்தக் குறுந்தகடே பெரும்பாலும் போதும்.